கருத்தடையும் கருவூலமும்

ஓர் அரசு எதனைப் பெரிதாக மதிக்கிறது என்பதை அதன் மேடைப் பேச்சுகளைக் காட்டிலும் அதன் செலவுக் கணக்கே தெளிவாக உரைக்கும். கோப்புகளோடும் கணக்குத் தலைப்புகளோடும் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழிக்கும் நமக்கு இவ்வுண்மையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்கப்பட்டது, அதில் எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு செலவாகாமல் திரும்பியது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டால், ஒரு திட்டத்தின் உள்ளக்கிடக்கையைப் பெரும்பாலும் அறிந்துவிடலாம்.

இல்லங்களில் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு பொருளை இம்மலரில் அம்முறையிலேயே ஆராய விழைகிறோம். கருத்தடைச் சாதனங்களையும் மாத்திரைகளையும் விலையின்றி வழங்க அரசு பொதுப்பணத்தைச் செலவிடலாமா என்பது முதல் வினா. அவ்வாறு வழங்கும்போது, எதனைக் கொள்வது, எப்போது கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கும் என்பது இரண்டாம் வினா. முதல் வினாவுக்கு நம் நாடு 1952ஆம் ஆண்டிலேயே விடை கூறிவிட்டது. இரண்டாம் வினாவுக்கு விடை காண அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அவ்விடை இன்னும் முழுமை பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

விடுதலைக்கு முன்

இந்தியாவில் கருத்தடைப் பிரசாரம் அரசினரால் தொடங்கப்பட்டதன்று. பம்பாயில் கணிதப் பேராசிரியராக விளங்கிய ரகுநாத் தோண்டோ கார்வே 1921ஆம் ஆண்டில் தம் சொந்த முயற்சியால் ஒரு கருத்தடை ஆலோசனை நிலையத்தைத் தொடங்கினார். மகளிர் கல்விக்கு உழைத்த தோண்டோ கேசவ கார்வேயின் புதல்வர் இவர். இப்பணியின் காரணமாகக் கல்லூரிப் பதவியை விட்டு விலக நேர்ந்தது. 1927ஆம் ஆண்டு முதல் நடத்திய ‘சமாஜ் சுவாஸ்த்ய’ என்னும் மராத்தி இதழுக்காக ஆபாச வழக்குகளையும் சந்தித்தார். 1934ஆம் ஆண்டில் அத்தகைய வழக்கொன்றில் அவருக்காக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர் ஆவார்.

மைசூர் சமஸ்தானம் 1930ஆம் ஆண்டில் அரசு மருத்துவமனைகளில் கருத்தடை நிலையங்களைத் திறக்க ஆணையிட்டது. அரசின் பணத்தில் இத்தகைய நிலையங்கள் நடத்தப்பட்டமைக்கு உலகிலேயே மிக முற்பட்ட சான்றுகளுள் இஃது ஒன்று. சென்னையிலும் 1920களின் இறுதியில் நியோ மால்தூசியன் சங்கம் தோன்றியது. உயர் நீதிமன்ற நீதிபதி வேபா ராமேசம் போன்றோர் அதில் முன்னின்றனர். மக்கட்பெருக்கம் வறுமையை வளர்க்கும் என்பதே அவர்களது முதன்மை வாதம்.

இதே காலத்தில் தந்தை பெரியார் ‘குடி அரசு’ இதழ் வாயிலாகக் கருத்தடைக்கு ஆதரவாக எழுதினார். ஆயினும் அவர் கொண்ட அடிப்படை வேறு. உடல்நலத்தைக் காரணம் காட்டுவோரும், குடும்பச் சொத்தைக் காரணம் காட்டுவோரும், நாட்டின் வறுமையைக் காரணம் காட்டுவோரும் ஒருபுறம் நிற்க, பெண் தன் வாழ்வைத் தானே நடத்திக்கொள்ளும் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என அவர் வாதிட்டார். கருவி ஒன்றே, நோக்கங்கள் இரண்டு. நாட்டின் எண்ணிக்கையைக் குறைப்பது ஒன்று. பெண்ணின் உரிமையை நிலைநாட்டுவது மற்றொன்று. பிற்கால வரலாறு முழுவதும் இவ்விரு நோக்கங்களின் இழுபறியே எனின் மிகையன்று.

1935ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அம்மையார் மார்கரெட் சாங்கர் வார்தா சென்று காந்தியடிகளைச் சந்தித்தார். செயற்கை முறைகளை அடிகள் ஏற்கவில்லை, தன்னடக்கத்தையே வலியுறுத்தினார். மாறாக, அகில இந்திய மகளிர் மாநாடு 1930களிலேயே கருத்தடைக்கு ஆதரவான நிலையை மேற்கொண்டது.

இலவசம் என்னும் சொல் அரசு ஆவணத்தில் அழுத்தமாக இடம்பெற்றது 1946ஆம் ஆண்டில் வெளிவந்த போர் குழு அறிக்கையில்தான். சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த அக்குழு, மகப்பேறு தாயின் உடல்நலத்துக்குத் தீங்கு விளைக்கும் என்னும் நிலையில், வசதியற்ற மகளிர்க்குக் கருத்தடைச் சாதனங்களை அரசே விலையின்றி வழங்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. மருத்துவர் உரைக்கும் காரணம் இருந்தால் இலவசம். பெண்ணின் விருப்பம் மட்டும் இருந்தால் இல்லை. அக்காலத்துக்கு இதுவே பெரிய முன்னேற்றம் என்பதையும் நாம் மறத்தலாகாது.

லோதி காலனியில் மணிமாலை

முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென 65 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. இதனால் உலகிலேயே முதன்முதலாக இதனை நாட்டின் அதிகாரபூர்வக் கொள்கையாக ஏற்ற அரசு என்னும் பெருமை 1952ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கிட்டியது. அவ்வாண்டு நவம்பரில் பம்பாயில் கூடிய மாநாட்டில்தான் பன்னாட்டுக் குடும்பத் திட்டக் கூட்டமைப்பும் உருவாயிற்று. இவற்றிற்கெல்லாம் பெரிதும் உழைத்தவர் 1949ஆம் ஆண்டில் இந்தியக் குடும்பத் திட்டச் சங்கத்தை நிறுவிய தன்வந்தி ராமராவ் அம்மையார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, இராணி மேரிக் கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர் என்பதால் அவரிடம் நமக்கு ஒரு தனி உறவும் உண்டு.

பணம் ஒதுக்கப்பட்டதேயன்றி, அதில் பெரும் பகுதி செலவாகவில்லை. அன்றைய நலவாழ்வு அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்திய நெறியில் ஊறியவர். சாதனங்களை அரசு வழங்குவதில் அவருக்கு நாட்டமில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் சார்பில் 1951ஆம் ஆண்டில் வந்த டாக்டர் ஆபிரகாம் ஸ்டோன், மாதத்தில் கருத்தரிக்க இயலாத நாட்களைக் கணித்து நடந்துகொள்ளும் முறையை மட்டும் சோதிக்க ஏற்பாடு செய்தார். அச்சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் இரண்டு. ஒன்று மைசூர் மாநிலத்து ராமநகரம். மற்றொன்று புது டில்லி லோதி காலனி.

தலைநகர்த் தமிழர்க்கு லோதி காலனி புதிய பெயரன்று. அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த அவ்விடத்தில், நாட்கணக்கை நினைவூட்டுவதற்கென வண்ண மணிகள் கோத்த மாலைகள் மகளிரிடம் வழங்கப்பட்டன. நாளுக்கொரு மணியை நகர்த்த வேண்டும். மணியின் நிறம் அந்நாளின் தன்மையைக் காட்டும். எழுதப்படிக்கத் தெரியாதோர்க்கும் விளங்கும் நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். ஆனால் கணவனின் உடன்பாடின்றி அம்மாலை பயன்படாது. மாதச் சுழற்சி சீராக அமையாத பெண்ணுக்கும் அது வழிகாட்டாது. திட்டத்தின் தொடக்கத்தில் அரசு இலவசமாகக் கொடுத்த பொருள் அது ஒன்றே எனலாம்.

சாதனங்களையே இலவசமாகக் கொடுத்தால் மட்டும் போதுமா என்னும் வினாவுக்கும் அக்காலத்திலேயே ஒரு விடை கிடைத்தது. பஞ்சாபின் லூதியானா மாவட்டத்தில் கன்னா என்னும் ஊரைச் சுற்றிய சிற்றூர்களில் 1950களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் பெரும் ஆய்வு நடத்தினர். நுரை மாத்திரைகள் வீடுதோறும் விலையின்றி வழங்கப்பட்டன. பலர் மறுக்காமல் வாங்கிக்கொண்டனர், ஆனால் பயன்படுத்தவில்லை. பின்னர் அவ்வூர்களுக்குச் சென்ற மஹ்மூத் மம்தானி 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதன் காரணத்தை விளக்கினார். வயலில் உழைக்கவும் முதுமையில் காக்கவும் பிள்ளைகளையே நம்பிய குடும்பங்களுக்கு அம்மாத்திரை தேவைப்படவில்லை. வீடு தேடி வந்தவரை வருத்த மனமின்றியே பெற்றுக்கொண்டனர். விலையில்லாப் பொருளாயினும் வேண்டாதவர்க்கு அது பயனில்லாப் பொருளே.

எண்ணிக்கையின் ஆட்சி

இரண்டாம் திட்டத்தில் ஏறத்தாழ 5 கோடி, மூன்றாம் திட்டத்தில் ஏறத்தாழ 27 கோடி, நான்காம் திட்டத்தில் 300 கோடிக்கும் மேல் என ஒதுக்கீடு விரைந்து பெருகியது. 1966ஆம் ஆண்டில் நலவாழ்வு அமைச்சகத்துள் குடும்பக் கட்டுப்பாட்டுக்கெனத் தனித் துறை அமைந்தது. மாநிலங்கள் நடத்திய இத்திட்டத்தின் செலவை மத்திய அரசே முழுதும் ஏற்றது. பணம் டில்லியிலிருந்து சென்றமையால் கணக்கும் டில்லிக்கே வர வேண்டியிருந்தது. இத்தனை லூப், இத்தனை அறுவை என ஆண்டுதோறும் இலக்குகள் வகுக்கப்பட்டு, மாநிலம், மாவட்டம், வட்டாரம் எனக் கீழே இறங்கி இறுதியில் ஒவ்வொரு செவிலியின் தலையிலும் ஏறின.

அறுவை செய்துகொள்வோர்க்குப் பணம் அளிக்கும் வழக்கத்தை முன்னோடியாகத் தொடங்கியது நம் சென்னை மாநிலமே. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலசுவாமி இக்கொள்கையின் தீவிர ஆதரவாளர். அச்சிறு தொகை, வேலைக்கு வராத நாட்களின் கூலிக்கு ஈடு எனவே முதலில் கருதப்பட்டது. நாளடைவில் அது பிற மாநிலங்களுக்கும் பரவி, வறியோரை ஈர்க்கும் தூண்டிலாயிற்று.

பாராட்டத்தக்க முயற்சிகளும் இக்காலத்தில் நிகழாமல் இல்லை. 1966ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பெற்ற இந்துஸ்தான் லேடெக்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1969ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தை அடுத்த பேரூர்க்கடையில் ஆணுறை உற்பத்தியைத் தொடங்கியது. 1968ஆம் ஆண்டில் ‘நிரோத்’ மூன்று உறைகள் 15 காசு என்னும் மானிய விலையில் சந்தைக்கு வந்தது. தேயிலையும் சவர்க்காரமும் விற்கும் நிறுவனங்களின் விற்பனை வண்டிகளிலேயே அது பெட்டிக்கடை வரை சென்றது. கடையில் வாங்குவதற்கு மருத்துவரின் அனுமதி வேண்டுவதில்லை. பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டுவதுமில்லை. சிவப்பு முக்கோணமும், இருவர்க்கு இருவர் போதும் என்னும் முழக்கமும் நாட்டின் எல்லா மொழிகளிலும் சுவரேறின.

ஆயினும் ஒரு குறை பெரிதாகவே நின்றது. அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற கருத்தடை மாத்திரையை நம் அரசு நெடுங்காலம் தயக்கத்துடனேயே நோக்கியது. அது மருந்துச் சீட்டின்பேரில் கொடுக்க வேண்டிய மருந்து. இரத்த அழுத்தம் முதலியவற்றைச் சோதித்துத் தர வேண்டும். மாதந்தோறும் தவறாமல் கிடைக்கச் செய்ய வேண்டும். மருத்துவரே இல்லாத சிற்றூர்களில் இது எங்ஙனம் இயலும் என்னும் ஐயம் நியாயமானதே. அதற்கு அப்பாலும் ஒரு காரணம் இருந்ததாக நமக்குத் தோன்றுகிறது. மாத்திரை உண்ணும் பெண் இம்மாதம் உண்ணலாம்; அடுத்த மாதம் மனம் மாறி நிறுத்தலாம். அவளை எந்தக் கட்டத்தில் எழுதி, எந்த இலக்கில் சேர்ப்பது? அறுவையோ ஒருமுறை நடந்தால் நிலையான ஓர் எண். கணக்கில் எளிதாக அடங்குவது எதுவோ அதற்கே பணம் பாயும் என்பது அலுவலகத்தார் அனைவரும் அறிந்த இயல்பு.

நெருக்கடி நிலையின் பாடம்

இலக்கின் ஆட்சி எதுவரை செல்லும் என்பதை நெருக்கடி நிலை காட்டிற்று. 1976ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட மக்கள்தொகைக் கொள்கையின்படி, இரண்டு குழந்தைகளுக்குப் பின் அறுவை செய்துகொள்வோர்க்கு 150 ரூபாய், மூன்று குழந்தைகள் உடையோர்க்கு 100 ரூபாய், நான்கும் அதற்கு மேலும் உடையோர்க்கு 70 ரூபாய் என ஊக்கத்தொகை உயர்த்தப்பட்டது. அவ்வாண்டே 42ஆம் திருத்தத்தின் வாயிலாகக் குடும்பக் கட்டுப்பாடு அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் சேர்ந்தது. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன; அவற்றுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. நாடெங்கும் 1,774 பேர் உயிரிழந்த செய்தியை ஷா ஆணையம் பதிவு செய்தது.

தலைநகரில் நமக்கு முன் பணியாற்றிய தலைமுறையினர் இதனைச் செய்தித்தாளில் மட்டும் படித்தவரல்லர். ஆசிரியர்களும் ஊழியர்களும் தம்மைத் தாமே அறுவைக்கு உட்படுத்திக்கொள்ளவும், பிறரை அழைத்து வரவும் நெருக்கப்பட்டனர். ஊதியமும் குடியிருப்பும் பணிச்சலுகைகளும் ஒரு சான்றிதழைச் சார்ந்து நின்றன. அறுவை இலவசந்தான். அதற்கு ஈடாகக் கேட்கப்பட்டது மனிதனின் மறுக்கும் உரிமை.

1977ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் துறையின் பெயர் குடும்ப நலம் என மாறியது. அடுத்த ஆண்டின் அறுவை எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் கீழே வீழ்ந்தது. ஆண்களை அணுக அரசு அஞ்சியது. அஞ்சியதன் விளைவாகச் சுமை முழுவதும் பெண்ணின்மேல் ஏறியது. வாக்குச் சாவடியில் ஆண்களின் சினத்தைக் கண்ட அரசு, சினத்தை வெளிக்காட்டாத பெண்களிடம் அதே இலக்குகளுடன் சென்றது என்பதே இவ்வரலாற்றின் வேதனையான பகுதி.

நம் ஊதியச் சீட்டிலும் இவ்வரலாறு ஒரு வரியாக இருந்தது. 1979ஆம் ஆண்டு டிசம்பர் ஆணையின்படி, சிறு குடும்பத்தோடு நிறுத்தி அறுவை செய்துகொண்ட மத்திய அரசு ஊழியர்க்குத் தனி ஊதிய உயர்வு ஒன்று அளிக்கப்பட்டது. பின்னாளில் குடும்பக் கட்டுப்பாட்டுப் படி என வழங்கிய அது, 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நிறுத்தப்பட்டது. இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டு மாத்திரையாலோ உறையாலோ வாழ்ந்த ஊழியர்க்கு அப்படி கிடையாது. பயன் ஒன்றாயினும் அரசு பரிசளித்தது அறுவைக்கு மட்டுமே.

மாத்திரை வந்த வழி

1980களின் பிற்பாதியில் அரசு மருத்துவ நிலையங்களில் விலையின்றி வழங்கும் ‘மாலா-என்’ மாத்திரையும், கடைகளில் மானிய விலையில் விற்கும் ‘மாலா-டி’ மாத்திரையும் பரவின. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்த, வாரம் ஒருமுறை உண்ணும் ‘சஹேலி’ 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஹார்மோன் கலவாத இம்மாத்திரை நம் நாட்டு அறிவியலின் சாதனை. எனினும் அது ‘சாயா’ என்னும் பெயரில் அரசின் இலவசத் திட்டத்தில் சேர மேலும் கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இடும் ‘அந்தரா’ ஊசியும் 2017ஆம் ஆண்டிலேயே வந்தது.

மருந்துச் சீட்டு என்னும் வாயிலும் சிறிது சிறிதாகத் திறந்தது. குறிப்பிட்ட கலவையும் அளவும் கொண்ட கருத்தடை மாத்திரைகளுக்கு மருந்து விதிகளில் விலக்களிக்கப்பட்டு, சீட்டின்றிப் பெறும் நிலை உண்டாயிற்று. 2011ஆம் ஆண்டில் 233 மாவட்டங்களில் தொடங்கிய திட்டத்தின்படி ஆஷா பணியாளர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தனர். ஒரு மாத மாத்திரை அட்டைக்கு 1 ரூபாய் பெற்றுக்கொள்ளலாம் என்பது விதி. அந்த ஒரு ரூபாய் பொருளின் விலையன்று. வீடு தேடி வந்த நடைக்கு உரிய கூலி. அறுவைக்கு நூற்றுக்கணக்கில் ஊக்கத்தொகை அளித்த திட்டம், ஒரு பெண்ணின் மாதாந்திரத் தெரிவைச் சுமந்து வந்த மற்றொரு பெண்ணுக்கு அளித்த மதிப்பு அவ்வளவே.

1995ஆம் ஆண்டில் தமிழகத்திலும் கேரளத்திலும் வேறு சில மாவட்டங்களிலும் இலக்குகள் கைவிடப்பட்டன. 1996 ஏப்ரலில் அஃது நாடு முழுவதுக்கும் விரிந்தது. 1994ஆம் ஆண்டில் கெய்ரோ நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு, எண்ணிக்கையைவிடப் பெண்ணின் நலமும் உரிமையுமே முதன்மை என அறிவித்ததும் இதற்கு ஒரு காரணம். ஆயினும் பழகிய கை எளிதில் மாறாது. 2014ஆம் ஆண்டு நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் சில மணி நேரத்துள் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. பன்னிருவர்க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்துமாறு பணித்தது. செய்யப்போவது யாது, அதன் விளைவு யாது என்பதை அப்பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு இன்றைய நிலையை எண்களில் வைக்கிறது. மணமான மகளிருள் நூற்றுக்கு 37.9 பேர் அறுவை செய்துகொண்டவர். ஆணின் அறுவையைச் சார்ந்தோர் 0.3, மாத்திரை உண்போர் 5.1. பெண்ணொருத்திக்குச் சராசரிக் குழந்தைகள் 2.0 என்னும் அளவுக்கு வந்துவிட்ட பின்னும், தெரிவின் வாயில் இவ்வளவு குறுகியே இருக்கிறது.

நமக்குரிய கடமை

பொதுப்பணத்தில் கருத்தடை வழங்குவது தேவையா எனின், தேவையே என்பது நம் உறுதியான கருத்து. வசதியுடையவள் கடையில் வாங்கிக்கொள்வாள். வசதியற்றவளுக்கு அரசின் மருந்தகமன்றி வேறு புகலில்லை. ஆனால் இலவசம் என்னும் சொல்லுக்கு விலையின்மை என்னும் பொருள் மட்டும் போதாது. வற்புறுத்தலின்மையும் அதனுள் அடங்க வேண்டும். வேண்டியதைக் கேட்டுப் பெறவும், வேண்டாததை அச்சமின்றி மறுக்கவும், மனம் மாறினால் நிறுத்தவும் இடமிருந்தால்தான் அரசு கொடுப்பது உரிமையாகும். இல்லையேல் அது நிபந்தனை விதித்த கொடையே.

நீதிமன்றம் கூறிய மொழி நிபந்தனை பிற மாநிலத்தில் வாழும் நமக்குத் தனிச் சிறப்புடையது. ஊரிலிருந்து மணமாகி வந்து, வடமொழிப் பேச்சொன்றும் காதில் ஏறாத நிலையில் மருந்தக வாயிலில் நிற்கும் இளம்பெண், தன் முன் நீட்டப்படும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரைக் கேட்பாள்? கணவன் சொல்வதே அவளுக்கு விளக்கம். அவனும் தயங்கினால் அதுவும் இல்லை. திருவள்ளுவர் விழாவும் பொங்கல் விழாவும் எடுக்கும் நம் சங்கங்கள், மாதம் ஒருநாள் ஒரு பெண் மருத்துவரைத் தமிழில் பேசச் செய்து, மகளிர் தனித்துக் கேட்டறிய ஓர் அறையை ஒதுக்கித் தருமாயின் அதுவும் தமிழ்ப் பணியே ஆகும். செலவு மிகுதியன்று; நம் ஆண்டுக் கணக்கில் அதற்கென ஒரு தலைப்பைத் திறந்தாற் போதும்.